இடப்பக்கம் ஒரு சாண்

என் கணவர் வேலை பார்த்த நூல் மில் திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறை போகும் சாலையில் இருந்தது. சுற்றிலும் மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறும் கருவேலம். அந்தக் காட்டுக்கு நடுவில், மில்லின் விருந்தினர் விடுதிக்குப் பின்னால், முதலாளி ஒரு துண்டு நிலத்தில் புல் வளர்த்திருந்தார். கோயம்புத்தூர் போய் கோல்ஃப் கற்றுக்கொண்டு வந்தவர் அவர். முழு மைதானம் போட இடமும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதனால் கடைசியில் பந்தை உருட்டிக் குழியில் விழவைக்கும் பகுதியை மட்டும் செய்துகொண்டார். அதற்குக் கிரீன் என்று பெயர். அதில் ஒரே திசையில் அடுத்தடுத்துச் சில குழிகள். பக்கத்து ஊரில் பெண்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த காலத்தில் அந்தப் புல் இரண்டு வேளையும் தண்ணீர் குடித்தது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு நானும் போய் நின்றேன். அதிகாரிகள் குடும்பத்தோடு வர வேண்டும் என்பது முதலாளியின் விருப்பம். முதலாளியின் விருப்பம் என்றால் உத்தரவு என்று பொருள்.

பார்க்க அந்தப் புல் கேரம் பலகை மாதிரி சமமாகத்தான் இருக்கும். பந்தைத் தட்டிவிட்டால்தான் அதன் குணம் தெரியும். நேராகப் போகிற பந்து பாதி வழியில் மனசு மாறி ஒரு பக்கமாக ஒதுங்கும். அவர்கள் அதை பிரேக் என்றார்கள். எங்கள் கொத்தனார்கள் சொல்லும் வாட்டம்தான் அது. மொட்டை மாடியிலும் குளியலறையிலும் தண்ணீர் ஓட வேண்டிய பக்கம் தரையைச் சற்றே இறக்கிப் பூசுவார்களே, அந்த வாட்டம். முதலாளியும் மற்றவர்களும் பந்துக்குப் பின்னால் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடி, மட்டையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். குழிக்கு அந்தப் பக்கம் போயும் பார்ப்பார்கள். இவ்வளவும் பார்த்துவிட்டுத் தப்பாக அடிப்பார்கள்.

காரணம், வலப்பக்கம் தெரிந்த மலை. மலைப் பக்கத்திலிருந்து தரை இறங்கித்தானே வரும், ஆகவே பந்து மலையை விட்டு விலகி இடப்பக்கம் ஒதுங்கும் என்பது முதலாளி படித்துக்கொண்டு வந்த பாடம். அவர் சொன்ன பிறகு எல்லோருடைய கண்ணுக்கும் தரை அப்படியே தெரிந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. மலை எங்கேயோ இருக்கிறது. அதே வலப்பக்கத்தில், வேலியை ஒட்டி, தூர்ந்துபோன ஒரு குட்டை இருந்தது. தோட்டக்காரர் குழாயைப் பிடிக்கும்போது நான் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புல்லுக்கடியில் தண்ணீர் மினுங்கிக்கொண்டு அந்தக் குட்டையைப் பார்த்துத்தான் நகரும். செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியை நோக்கி நடந்தால் வலது காலில் பாரம் கூடும். நான் கணக்கு டீச்சர். கண்ணுக்குத் தெரிவதை நம்பாமல் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஒரு நாள் கணவரிடம் மெல்லச் சொன்னேன், பந்து குட்டைப் பக்கம் ஒதுங்கும், இடப்பக்கம் தள்ளி அடியுங்கள் என்று. அடித்தார், விழுந்தது. வழி பார்த்துச் சொல்ல ஆளுக்கொரு துணை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. மற்றவர்கள் ஆண்களை வைத்துக்கொண்டார்கள். இவர் என்னை வைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் கேலி செய்தார்கள். இவர் ஜெயிக்க ஆரம்பித்ததும் கேலி நின்றது. எனக்குக் கர்வம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மில்லுக்குக் குஜராத்தில் ஒரு புதுக் கிளை தொடங்கினார்கள். அங்கே பொறுப்பாளராக அனுப்ப இரண்டு பேரை யோசித்தார்கள். ஒருவர் நூற்புப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஸ்பின்னிங் மாஸ்டர். மற்றவர் பராமரிப்பு இன்ஜினியரான என் கணவர். மாஸ்டர் தனக்குப் போக ஆசை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி சாப்பிடும்போது மட்டும், தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைக் கிளறிக்கொண்டே, குஜராத்துக்கு நம்மைப் போகச் சொல்வார்கள் போலிருக்கிறது என்றார். உங்க இஷ்டம் என்றேன்.

எனக்கு அதில் கடுகளவும் இஷ்டமில்லை. பி.எட். முடித்துவிட்டு, பிரசவ விடுப்பில் போன டீச்சர்களுக்குப் பதிலாளாக ஊர் ஊராக அலைந்தவள் நான். சேவுகம்பட்டிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்பியிருக்கிறேன். அந்த ஜூனில்தான் டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் நிரந்தர வேலை கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவு முழுக்க என்னுடையது. குஜராத் போனால் அது போய்விடும். தமிழில் கணக்கு நடத்துகிறவளுக்கு அங்கே யார் வேலை தருவார்கள்? இதெல்லாம் நான் சொல்லாமலே அவருக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. நாகல் நகரில் வீடு பார்க்கவா, ரவுண்டு ரோட்டில் பார்க்கவா என்று கேட்டபோதும் உங்க இஷ்டம் என்றுதான் சொன்னேன். நாகல் நகர் வீட்டுக்கு வந்த பிறகு, சத்தம் தாங்கவில்லை, காற்று வரவில்லை என்று ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது முதலாளி எல்லோர் முன்னாலும் பேச்சை எடுத்தார்.

"ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான். இதுக்கு மேல என்னால யோசிக்க முடியல. இன்னைக்கு ஜெயிக்கிறவர் குஜராத் போகட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. என் கணவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். டீ எப்போதோ தீர்ந்திருந்தது.

ஆட்டம் ஆரம்பமானது. ஒவ்வொரு தடவையும் இவர் கேட்டார், நான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, மாஸ்டர் ஜெயிக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். மாதாவுக்கே குழப்பமாக இருந்திருக்கும். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் சமமாகவே கடைசிக் குழிவரை வந்துவிட்டார்கள். மாஸ்டர் அடித்த பந்து குழியின் உதட்டில் நின்றுவிட்டது. இன்னொரு தட்டுத் தட்டித்தான் அதை உள்ளே தள்ளினார். இவருடைய பந்து இரண்டு கட்டில் நீளத் தூரத்தில் கிடந்தது. ஒரே அடியில் விழுந்தால் நாங்கள் குஜராத். விழாவிட்டால் மாஸ்டர் போகட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார்.

இவர் குத்தவைத்துப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன். வலது காலில் பாரம். சந்தேகமே இல்லை. இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி அடித்தால் பந்து வளைந்து வந்து விழும். வலப்பக்கம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பந்து குட்டைப் பக்கம் ஓடிவிடும். முதலாளியின் மலைக் கணக்குக்கு அது சரியாகவும் இருக்கும். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். என் ஒன்பதாம் வகுப்பு என்னிடமே இருக்கும். இவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"எந்தப் பக்கம்?"

"எடது. ஒரு சாண்."

அவர் தரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் நான் சொன்னதில் எது தப்பாகிப்போனது? அதுவும் இத்தனை பேர் பார்க்க என் கணக்கைச் சந்தேகப்படுகிறாரே என்று கோபம் வந்தது. கோபத்தில் குஜராத்தே மறந்துபோனது.

"எடதுதாங்க" என்றேன்.

"நிச்சயமா? வலது இல்லையே?"

"எம்புட்டு தடவ கேப்பீங்க? எடதுதான்."

பிறகு உள்ளங்கையை பேண்டில் துடைத்துக்கொண்டு போய் அடித்தார். பந்து இடப்பக்கம் கிளம்பியது. ஐயோ, நின்றுவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அது பாதி தூரத்தில் தயங்கி, வலப்பக்கம் வளைந்து, நான் சொன்ன வழியிலேயே போய்க் குழிக்குள் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மாஸ்டர் வந்து இவர் கையைக் குலுக்கினார், முகம் செத்துப்போயிருந்தது.

பள்ளியில் ராஜினாமா கொடுத்தேன். சிஸ்டர் வருத்தப்பட்டார். பிள்ளைகள் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்து அழுதார்கள். நான் அவர்கள் முன்னால் அழவில்லை. மூட்டை கட்டிய நாட்களில் பாத்திரங்களைத்தான் கொஞ்சம் பலமாகப் போட்டேன். இவர் என்னவென்று கேட்கவில்லை. திண்டுக்கல்லில் ரயில் ஏறினோம். வடமதுரை தாண்டியதும் இவர் வாயைத் திறந்தார்.

"அந்தக் கடைசிக் குழி வாட்டம் எனக்கே தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?"

"நீ வலதுன்னு சொல்லியிருந்தா வலதுலயே அடிச்சிருப்பேன். அதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தரையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து நான் தரையைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறேன். வேலை, வகுப்பு, ஊர் எல்லாம் அந்தப் பதிலில் போயிருக்கிறது.

"அத வீட்டுலயே வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல, போகவா வேண்டாமான்னு?" என்றேன். எதிர் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சொன்னார்.

"சாப்புடுறப்ப சொன்னேனே. உங்க இஷ்டம்னுட்ட."

அவருக்கு ஆசை இருந்ததா என்று நானும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெளியே காய்ந்த காடு ஓடிக்கொண்டிருந்தது.

திருச்சியில் வண்டி நின்றது. இவர் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, டீயா காபியா என்று கேட்டார். என்னையும் அறியாமல் அந்தப் பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"காபி" என்றேன். "சக்கரை கம்மியா."