செம்பி முதலில் சாப்பிடுவாள்

போன வாரம் ஹட்டனில் என் மகன் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. பழைய நாய் அதைப் பார்த்து உறுமியதில் மருமகள் பயந்துவிட்டாள். இரண்டும் ஒத்துப்போகாது, குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். மழையில் நனைந்து வந்த இரண்டும் வீட்டையே நாறடித்துக்கொண்டிருந்தன. ஈர நாய் வாடை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எனக்கு அது நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டின் வாடை.

இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. பிறந்த வீட்டிலிருந்து நான் கொண்டுபோனதில் உயிருள்ளது கருப்பன் மட்டும்தான்; விரட்ட விரட்டப் பின்னாலேயே வந்துவிட்டான். ஒரே லயக் காம்பரா, தோட்டத்தில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த அறைகளில் ஒன்று; நடுவில் சாக்குத் திரை. அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரின் அண்ணனும் அவர் மனைவி பாக்கியம் அக்காவும். அவர்களுக்குப் பிள்ளையில்லை. செம்பி என்ற பெட்டை நாயைத்தான் அக்கா மகள் மாதிரி வளர்த்தாள்.

ஒரே அடுப்பு, யார் பானை முதலில் ஏறுவது என்பதில் எனக்கும் அக்காவுக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. ஒருநாள் நாய்களுக்குச் சோறு வைத்த தேங்காய்ச் சிரட்டையில் கருப்பன் முதலில் வாய் வைக்கப் போனான். செம்பி உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள். நான் விறகுக்கட்டையை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிக்காத தங்கச்சி. அதட்டுறா, கடிக்கலயே. அவனுக்கு எடம் காட்டுறா.”

கருப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தான். அவள் தின்றுவிட்டு நகர்ந்தாள். மிச்சத்தை அவன் தின்றான். அவ்வளவுதான். அப்புறம் அந்த வீட்டில் நாய்ச்சண்டை வந்ததே இல்லை. பனி கொட்டிய ஒரு காலையில், அடுப்போரம் படுத்திருந்த செம்பி கொஞ்சம் நகர்ந்துகொடுத்தாள். அவன் ஊர்ந்துபோய் அவள் முதுகில் தாடையை வைத்துக்கொண்டான். அக்காவும் நானும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். நாய்கள் நாலு நாளில் முடித்ததை முடிக்க எங்களுக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. அதன் பிறகு எங்களுக்கும் ஒரே பானைதான்.

பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி எங்களுக்கு இலங்கைக் குடியுரிமை இல்லை என்றாகிப் பல வருசம் ஓடியிருந்தது. யாருக்கும் வேண்டாத இடத்தில் எதற்கு இருப்பது, இந்தியாவுக்கே போய்விடலாம் என்று அக்காவின் வீட்டுக்காரர் முடிவெடுத்துவிட்டார். அக்கா பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். அவர் சொன்ன ஊரை அவள் கண்ணால் கண்டதில்லை. நாயைக் கப்பலில் கொண்டுபோக முடியாது என்றார்கள்.

புறப்பட்ட அன்று அக்கா ரொட்டியைப் பிட்டுப் பிட்டுச் செம்பிக்கு ஊட்டினாள். பிறகு அவளைக் கட்டிப்போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். என்னைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“இவ திங்கிறதுக்கு முந்தி கருப்பன திங்க வுட்டுறாத தங்கச்சி. மனசு ஒடிஞ்சிருவா.”

திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

மாலையில் செம்பியை அவிழ்த்துவிட்டேன். ஓடுவாள் என்று பயந்திருந்தேன். அவள் திரைக்கு அந்தப் பக்கம் போய் மூலை மூலையாக மோந்து பார்த்தாள். அப்புறம் அக்கா விட்டுப்போன பழைய கம்பளியில் சுருண்டுகொண்டாள். சோறு வைத்தேன், வரவில்லை. கருப்பனும் தொடவில்லை. தள்ளி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எதையும் தடுக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாளும் அப்படியே. கடைசியில் சிரட்டையைக் கம்பளிக்கே தூக்கிப்போய், விரலில் எடுத்து அவள் வாயில் தடவினேன். ஒருதரம் நக்கினாள். அதைப் பார்த்த பிறகுதான் கருப்பன் வந்து தின்றான். பிறகு தினமும் அப்படித்தான்; அவனுக்காகத்தான் நக்குகிறாளோ என்றுகூட எனக்குத் தோன்றும். எலும்பும் தோலுமாகி, அந்த வருசத்து மழை விடுவதற்குள் போய்விட்டாள். தேயிலைக்குக் கீழே புதைத்தோம்.

கருப்பன் அதற்குப் பிறகும் பல வருசம் இருந்தான். சோறு வைத்தால் உடனே வரமாட்டான். தள்ளி நின்று திரைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்ப்பான். யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாய் வைப்பான்.

அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே யாரோ லீக்ஸ் பாத்தி போட்டிருக்கிறார்கள். அக்கா எந்த ஊரில் போய் இருந்தாள், எப்படி இருந்தாள், இருக்கிறாளா, எதுவும் தெரியாது. போனவர்களின் உறவு என்று யாராவது வந்தால் விசாரிப்பேன், ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. செம்பி செத்துப்போன செய்தி இன்னும் என்னிடமே இருக்கிறது.