எண்ணெய் விலைக்கு ஒரு ஜெபம்

கேரளத்துக் கொல்லயில் ஊரிலிருந்து நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிப் போகும் சின்ன டீசல் வண்டி நேசமணியுடையது. டீசல் அடிக்க மட்டும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் போவார். அங்கே விலை கொஞ்சம் குறைவு. ஒரே சாலையில் இப்படி இரண்டு விலை வைத்த புண்ணியவான் யார் என்று அவருக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

புதன்கிழமை தோறும் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அவரவர் தேவையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூடியிருப்பவர்கள் ஆமேன் சொல்வார்கள். ஒருவர் மூட்டுவலியைச் சொன்னார், ஒருவர் மகள் கல்யாணத்தைச் சொன்னார். நேசமணி எழுந்து, "எண்ண வெல கொறையணும். அதாக்கும் எனக்க தேவை" என்றார். உபதேசியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபித்தார்.

சில வாரங்களில் எண்ணெய் விற்கும் நாடுகள் தங்களுக்குள் முறுக்கிக்கொண்டன. யார் எவ்வளவு எடுப்பது என்று கூடிப் பேசி வைத்திருந்த ஒப்பந்தம் உடைந்தது. ஆளாளுக்கு அள்ளி அள்ளிச் சந்தையில் கொட்டினார்கள். டிவியில் விலை சரிந்த செய்தி கேட்டதும் நேசமணி களியக்காவிளைக்கு வண்டியை விட்டார். பம்பில் பழைய விலைதான் இருந்தது.

"கூட்டணும்னா நேரம் வெளுக்கதுக்கு முன்ன கூட்டுதிய. கொறைக்க மட்டும் கை வராதா?"

"அதெல்லாம் டெல்லியில உள்ள காரியமாக்கும் மாமா. எனக்கிட்ட சண்டை போட்டா?" என்றாள் பம்புக்காரப் பெண்.

அன்று மாலையே வளைகுடா எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்யும் மகன் நிஜின் போன் செய்தான். "அப்பா, வெல விழுந்திட்டுல்லா? இங்க புதுக் கெணறு தோண்டுதத நிறுத்தியாச்சு. ஆளுவள ஊருக்கு அனுப்புதாவ."

நேசமணி போனை வைத்தார். விலை ஏறினால் அப்பனுக்கு அடி, இறங்கினால் மகனுக்கு அடி. இந்தச் சின்ன விஷயம் ஏன் அன்று மண்டையில் உறைக்கவில்லை? ஓடிப்போய் உபதேசியாரைப் பிடித்தார்.

"குடுத்த ஜெபத்தத் திருப்பி வாங்க வழியுண்டா?"

"வெல கூடணும்னு கேக்கப் போறீரா? மீன்பிடி போட்டுக்கு மண்ணெண்ண வாங்குத ரதீஷும் கூட்டத்துக்கு வாறானே, அவன் ஆமேன் சொல்லுவானா?"

நேசமணி வீடு திரும்பினார். யாருக்காக எதைக் கேட்பது என்று குழம்பி, சாப்பாடும் இறங்காமல் கிடந்தார்.

மறுபடி நிஜின் கூப்பிட்டான். "எனக்க வேல போகல்ல அப்பா. ஆனா சஜுவ அனுப்புதாவ."

சஜு பக்கத்து வீட்டுத் தங்கபாயின் ஒரே மகன். நிஜின்தான் அவனை அங்கே சேர்த்துவிட்டிருந்தான்.

அந்த வாரக் கூட்டம் தங்கபாய் வீட்டில் நடந்தது. உபதேசியார் தயங்கியபடி நேசமணியைப் பார்த்தார். நேசமணி தலையைக் குனிந்துகொண்டார்.

தங்கபாயே எழுந்து நேசமணி பக்கம் திரும்பினாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. "நிஜினுக்க வேல போகல்லல்லா. அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லும் அண்ணா. எனக்க முகத்தப் பாத்து தயங்காதேயும்" என்றாள்.

எல்லோரும் ஆமேன் சொன்னார்கள். நேசமணிக்கு மட்டும் வாய் எழவில்லை.