ஒடுக்கு விழுந்த அரிசி டின்

பிள்ளைகளே, நம் வீட்டு அரிசி டின்னில் ஒரு ஒடுக்கு இருக்கிறதல்லவா? அந்த டின்னைக் கொடுத்தவர் புதுவாயலில் காயலாங்கடை வைத்திருந்த ஒரு அம்மா. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருப்பார். எதை எடுத்தாலும் "இன்னாத்துக்கு?" என்று கேட்காமல் விற்கமாட்டார்.

நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது, கம்பெனியிலிருந்து கழித்துப் போட்ட நீல டிரம் ஒன்றை அங்கே எடுத்தேன். விலை மலிவு.

"இன்னாத்துக்குப்பா?"

"அரிசி கொட்டி வைக்கத்தாம்மா. நல்லா கழுவிடுவேன்."

"அதுல இன்னா கெமிக்கல் வச்சினு இருந்தாங்களோ! கழுவுனா பூடுமா? ஊட்ல கொயந்தைங்க கீதா?"

"ரெண்டு கீதும்மா."

"அப்போ கீய வை. செடி வைக்கணும்னா சொல்லு, தரேன்."

குவியலைக் கிளறி ஒரு எவர்சில்வர் டின்னை இழுத்தார். "ஒடுக்கு வுயுந்துகீது. சோத்துல தெரியவா போவுது? டிரம்மு வெலைக்கே எடுத்துக்கினு போ."

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கடையிலிருந்த நீல டிரம் ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை போட்டு வைத்திருந்தார். இனி அவற்றில் செடிதான் வைக்க முடியும்.

உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் என் கை அந்த ஒடுக்கைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறது.