கையுறைப் பூவின் ஐந்தாவது இதழ்

வெள்ளி காலை ஏழு மணிக்கு நேப்பிள்ஸ் கப்பல் பலேர்மோ துறைமுகத்தை அடைந்தது. சுவிஸில், பாசல் நகரில் தையற்கடை வைத்திருக்கும் நான் ஒரு சோடிக் கையுறைக்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். முந்நூறு வருடத் தோற்கையுறை, அதில் ஜரிகைப் பூவேலை. பள்ளித்தோழி யோகா வேலை செய்யும், கால்சாப் பகுதி வீடொன்றில் இருக்கிறது. தோலில் ஊசி குத்தினால் துளை மூடாது. பிறகெப்படித் தடித்த ஜரிகையைத் தைத்தார்கள்? உள்பக்கத்தைப் பார்த்தே ஆகவேண்டும். திரும்பும் கப்பல் மறுநாள் இரவு எட்டுக்கு.

மறுநாள் சித்திரை வருடப்பிறப்பு. பலாரோச் சந்தையில் மூவாயிரம் லீராவுக்கு மருதோன்றித் தூள் வாங்கி, வெள்ளி பின்னேரமே என் பத்து விரல்களுக்கும் தொப்பி போட்டுவிட்டாள் யோகா.

சனி காலை பத்து மணி. யோகா குடியிருக்கும் வியா மக்வேதா தெருவிலிருந்து பதினைந்து நிமிட நடை. நான் ஓடினேன் என்றே சொல்லலாம். வீட்டு எசமானி, எழுபது வயதுச் சிஞ்ஞோரா, பெட்டியைத் திறந்தார். அடடா! பால்வெள்ளைத் தோல். மணிக்கட்டில் விரிந்த மடிப்பில் மாதுளை, குருவி, கார்னேஷன் பூக்கள். எல்லாப் பூவுக்கும் ஐந்து இதழ், ஒன்றுக்கு மட்டும் நாலே இதழ். கையை நீட்டினேன். சிஞ்ஞோரா படக்கென்று பெட்டியை மூடினார்.

“உன்ர கைச் சிவப்பு தோலிலை ஒட்டிப்போடுமாம். தொடவேண்டாமாம்,” என்றாள் யோகா. “ஐயோ, நான் யோசிக்கேல்லையே!”

“ஒட்டாதெண்டு சொல்லடி!”

“சொல்லிட்டன். நம்பிறாவில்லை.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. குசினியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். சிஞ்ஞோராவின் வெள்ளைக் கைக்குட்டையை வாங்கி, ஈர விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்துக் காட்டினேன். அவர் அதை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு நிறமில்லை. பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

மடிப்பின் உள்துணி ஓரிடத்தில் கழன்றிருந்தது. மெல்ல உயர்த்தினேன். ஜரிகை தோலுக்குள் இறங்கவேயில்லை! மேலே கிடத்தி, மெல்லிய பட்டுநூலால் அங்கங்கே பிடித்திருக்கிறார்கள். என்ன கெட்டித்தனம்! நாலிதழ்ப் பூவின் பின்னால் நூலில்லாத துளைகள் ஒரு வரிசையாக வளைந்து போயின. ஐந்தாவது இதழ்!

“யோகா, இவவுக்குச் சொல்லு. இதழ் இருந்திருக்கு. நூல்தான் கழண்டு போச்சு.”

சிஞ்ஞோரா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“தைச்சவள் பிழை விட்டிட்டாள் எண்டு தன்ர அம்மா சொல்லுறவவாம். தானும் அப்பிடியே எல்லாருக்கும் சொல்லிப்போட்டாவாம்,” என்றாள் யோகா. பிறகு சிரித்தாள். “இப்ப தனக்கும் மருதோன்றி வேணுமாம்!”

மிச்சத் தூளைக் குழைத்தோம்.

பாசலில் துணியில் பிழையாகத் தைத்ததைப் பிரித்தால், நீராவி காட்டித் துளையை மறைத்துவிடுவேன். தோலில் அந்தக் கள்ளம் நடக்காது. நல்ல வேளை. மாலை ஆறரைக்கு நான் புறப்பட, சிஞ்ஞோரா வாசலுக்கு வந்து கையசைத்தார். அவருடைய புறங்கைப் பூவில் ஐந்து இதழ்களும் சிவந்திருந்தன.