ஐந்தரை மணி நேரம்

எங்கள் ஆபீஸில் மைலேஜ் புத்தகம் என்று ஒன்று இருந்தது. செங்கல் கனம். எந்த விமான நிலையத்திலிருந்து எதற்கு எத்தனை மைல் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அறுபதுகளின் நடுவில், ஃபோர்ட்டில் ஒரு டிராவல் கம்பெனியில் நான் டிக்கெட் கிளார்க். மாட்டுங்காவிலிருந்து ரயிலில் தொங்கிக்கொண்டு போய் டிக்கெட் விலை போட நாளெல்லாம் மைல்களைக் கூட்டுவதுதான் பிழைப்பு. விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனாலும் இரண்டு ஊரைச் சொன்னால் பயண நேரத்தை மனக்கணக்கிலேயே சொல்லிவிடுவேன். அந்தக் கொழுப்பு எனக்கு நிறையவே இருந்தது.

பியூன் அண்ணாச்சிதான் அதை மெச்சுவார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், தாராவியில் வீடு. ஒரே மகள் லண்டனில் நர்ஸ். ஒரு சனிக்கிழமை அவர் மனைவி இறந்துபோனார். மகள் அன்றிரவு ஒன்பது மணிக்கு லண்டனில் விமானம் ஏறுவதாகத் தந்தி வந்தது. ஞாயிறு காலை நான் போனபோது உடலைச் சுற்றி ஐஸ்கட்டி வைத்திருந்தார்கள். அது உருகித் தெருவரை ஓடியிருந்தது.

"எத்தன மணிக்கு வந்து சேருவா தம்பி? அம்ம மொகத்த ஒருவாட்டி பாத்துரட்டும்லா" என்றார் அண்ணாச்சி.

ஆபீஸ் பூட்டியிருந்தது. அதனால் என்ன, நான் இருக்கிறேனே! தந்தியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். சுமார் ஐயாயிரம் மைல், மணிக்கு ஐந்நூறு என்றால் பத்து மணி நேரம். வழியில் இரண்டு இடத்தில் நிற்க மூன்று மணி. லண்டனில் இரவு ஒன்பது என்றால் நமக்கு விடிகாலை இரண்டரை. பதிமூன்றைக் கூட்டினால் மாலை மூன்றரை. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். முதலிலேயே மாற்றிவிட்டதை மறந்து, நம் நேரத்துக்கு மாற்றவில்லையே என்று நினைத்து இன்னொரு ஐந்தரையைக் கூட்டினேன். "ராத்திரி ஒன்பது ஆகும் அண்ணாச்சி" என்றேன்.

கல்லறைத் தோட்டத்தை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்றார் போதகர். மறுநாள்வரை உடல் தாங்காது என்றார்கள் பெண்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஒன்பதுக்கு முன்னால வர வழியே இல்லியா?" இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். நான்கு மணிக்கு எடுத்தோம்.

திரும்பி வரும்போது வாசலில் பெட்டியின் மேல் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்ததாம்.

"பிளேனு முந்தி வந்துட்டோ மக்கா?" என்றார் அண்ணாச்சி. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்டாரோ என்னவோ.

"இல்லப்பா. டைமுக்குத்தான் வந்துது."

தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நானும் ஒரு மனிதனா என்று இந்த வயதிலும் வெறுத்துப்போகிறது. இன்றைக்குக் கைப்பேசியில் இரண்டு ஊரைத் தட்டினால் நேரத்தைச் சொல்லிவிடுகிறது. என் வீட்டில் யாராவது அப்படித் தட்டினால் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

அண்ணாச்சி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எப்போதும்போல என் மேஜையில்தான் முதலில் டீ வைத்தார். மூன்றாவது வாரம் மகள் திரும்பிப் போகும் நாள் வந்தது. டீயை வைத்துவிட்டு, என்னைத் தாண்டி அடுத்த மேஜைக்குப் போனார். குரலைத் தணித்துக்கொண்டு, அவள் எத்தனை மணிக்கு லண்டன் போய்ச் சேருவாள் என்று அங்கே கேட்டார்.