ஒளித்து வைத்த பட்டன்

திராட்சை விற்பதற்கான செயலி ஒன்றைத் தயாரித்த நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அதைப் பயன்படுத்துகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று நேரில் கண்டு சொல்வதுதான் என் வேலை. அப்படித்தான் சுருளிப்பட்டிக்குப் போனேன். அங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஜமீலா அக்கா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"வாங்குறேன்னு சொன்னவன் வரவே இல்ல. வேற ஏவாரிக்குக் குடுக்கலாம்னா, ஆர்டர ரத்து பண்ற பட்டன எங்கன ஒளிச்சு வச்சிருக்கீக? பழம் பூரா மழையில வெடிச்சுப் போச்சு ஆத்தா!"

"நீங்க பேசுறத வீடியோ எடுத்து ஆபீஸ்ல காட்டவா அக்கா?"

"காட்டு. ஒரு சொல்லு விடாமக் காட்டு."

காட்டினேன். மேலாளர் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

"யாரும் ரத்து பண்ணக் கூடாதுன்னுதான் பட்டனை ஒளிச்சதே. எல்லாருக்கும் பிடிச்சிருக்குன்னு ரிப்போர்ட்டை மாத்திக் குடு."

"மாத்த மாட்டேன் சார்."

"அப்போ நீ இங்க தேவையில்ல."

அதன்பின் போன நேர்முகத் தேர்வுகளில், பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோதெல்லாம் நடந்ததைச் சொன்னேன். பலரும் முகம் சுளித்தார்கள். ஒரு பெண் அதிகாரி மட்டும், "எங்ககிட்டயும் இப்படி முறைப்பீங்களா?" என்று கேட்டார்.

"தேவைப்பட்டா முறைப்பேன்" என்றேன். வேலை கொடுத்தார்.

அந்த மேலாளர் மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. அன்று ரிப்போர்ட்டை மாற்றியிருந்தால், அந்தக் கோபம் முழுவதும் என் மேலேயே இருந்திருக்கும்.