தரையில் விரித்த மேக்கொங்

காலையில் கண் விழித்ததும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் போனில் பார்ப்பேன். மெல்பர்னுக்கு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. கையில் இருப்பது ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு. தஞ்சாவூர்ப் பக்கம் என் அண்ணன் இன்னும் நெல் போடுகிறார். எனக்கு அங்கே ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. "பாத்து என்ன பண்ணப்போறீங்க? நீங்களா போய் ஷட்டரைத் தூக்கப்போறீங்க?" என்று என் மனைவி கேட்பாள். பல் துலக்குகிற மாதிரி அது ஒரு பழக்கம்.

பிழைப்பும் தண்ணீர்தான். அணையைத் திறந்தால் எங்கே எவ்வளவு ஏறும் என்று கணினியில் கணக்குப் போடும் பொறியாளர் நான். அந்த வருடம் எங்கள் நிறுவனத்துக்கு வந்த வேலை மேக்கொங் ஆறு. சீனாவில் தொடங்கிப் பல நாடுகளைத் தொட்டுக்கொண்டு இறங்கி, வியட்நாமில் கடலில் சேர்கிற ஆறு. அணைகளை எப்போது திறக்கலாம் என்று அந்த நாடுகளுக்கு அறிக்கை தர வேண்டும். அதில் பொதுமக்கள் சொல்வதற்கென்று ஓர் அத்தியாயம். கரையோர ஊர்களில் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. இங்கே மெல்பர்ன் புறநகரான ஸ்பிரிங்வேலிலும் ஒன்று வைக்கலாமே என்று கேட்டேன். அந்தக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் ஏதோ ஒரு வகையில் அந்த ஆற்றுக்காரர்கள்.

மேலாளர் கொஞ்சம் யோசித்தார். "வைத்துப் பாருங்கள். ஆனால் கருத்துப் படிவத்தில் முதல் கேள்வி, ஆற்றங்கரையில் வசிக்கிறீர்களா என்பது. இல்லை என்று போட்டால் அந்தப் படிவத்தைச் சேர்க்க முடியாது" என்றார்.

எனக்குத் தெரிந்த மாதிரிதான் கூட்டத்தை ஏற்பாடு செய்தேன். எங்கள் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் மேடை, மைக், மேசைமேல் தண்ணீர் பாட்டில், எதிரே வரிசையாக நாற்காலிகள். முடிவை எடுத்துவிட்டுத்தான் கருத்தே கேட்பார்கள் என்பது வேறு விஷயம். சனிக்கிழமை பிற்பகல் முப்பது பேர் வந்தார்கள். திரையில் படம் காட்டிப் பேசினேன். மரியாதையாகத் தலையாட்டினார்கள். கேள்வி உண்டா என்றேன். அதற்கும் தலையாட்டினார்கள். எனக்கு எரிச்சல் வந்தது, என்மேல்தான்.

கூட்டம் நடந்த மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் இலங்கையில் மன்னாரைச் சேர்ந்தவர். என்னை ஓரமாக அழைத்தார். "அண்ணை, இவையள் பூசையில இருக்கிற மாதிரியெல்லே இருக்கினம். இந்தக் கதிரையளை எடுத்துப்போட்டு, சுவரில கிடக்கிற அந்தப் பெரிய படத்தை நிலத்தில விரியுங்கோ. தங்கட தங்கட இடத்தில போய் நிக்கட்டும்."

"மிதிப்பாங்களேங்க" என்றேன்.

"ஓம், மிதிக்கட்டும். ஆறுதானே."

சுவரில் இருந்தது, கல்யாண ஃபிளெக்ஸ் பேனர் அளவுக்கு அச்சடித்த ஆற்றின் வரைபடம். நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, அதைக் கழற்றித் தரையில் விரித்தோம். முன்னால் நின்ற கம்போடியப் பெரியவர் படத்தின் விளிம்பில் தயங்கினார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நானும் ஷூவைக் கழற்றினேன்.

நான் வாரா வாரம் மீன் வாங்கும் கடைக்காரப் பெண், ஆறு கடலில் சேரும் இடத்தில் போய் நின்றார். பக்கத்துக் கடையில் ரொட்டி விற்பவர் மேலே, லாவோஸில் நின்றார். பதினைந்து வருடங்களாக அடுத்தடுத்த கடைக்காரர்கள்; பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்.

"நீ அங்கேயா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "சொல்லவே இல்லையே."

"நீ கேட்கவே இல்லையே" என்றார் அந்தப் பெண். "கோடையில் மேலிருந்து தண்ணீர் வராவிட்டால் கடல் உள்ளே ஏறிவிடுகிறது. என் தம்பியின் வயல் உப்பாகிறது."

"கோடையில்தான் என் அக்கா ஆற்றோரம் காய்கறி போடுகிறாள். திடீரென்று அணையைத் திறந்தால் எல்லாம் முழுகிப்போகிறது."

அந்தப் பெண் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் உன் அக்காவின் தோட்டத்தை அழித்த தண்ணீர்தான் என் தம்பிக்கு வருகிறதா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன். வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னேன்.

"அப்புறமென்ன? இரண்டு நாள் பிந்தி வந்தால் என் தம்பி ஒன்றும் செத்துப்போக மாட்டான். அணைக்காரர்கள் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் இவருடைய அக்காவிடம் சொல்லட்டும். பறித்துக்கொள்வாள்."

என் கணினியில் அவர்கள் இரண்டு புள்ளிகள். மாதக்கணக்கில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஒன்றோடொன்று பேச விட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு படிவங்களைக் கொடுத்தேன். மீன்கடைக்காரப் பெண் முதல் கேள்வியைப் படித்து, 'இல்லை' என்று குறித்து, பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் நான் சொன்னது எங்கே போகும்?" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவர் போனை எடுத்து நீட்டினார். வயல் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவியின் படம். தம்பி தினமும் காலையில் அனுப்புகிறாராம். மேலே தள்ளத் தள்ளப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. நான் என் போனை எடுத்து மேட்டூரைக் காட்டினேன்.

"யாருடைய தண்ணீர்?"

"என் அண்ணனுடையது" என்றேன்.

திங்கட்கிழமை அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டு, 'ஆற்றின் நிலவரத்தை உங்களுக்கு அங்கிருந்து சொல்பவர் யார்?' என்று போட்டேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒருவர்கூட அதை வெற்றாக விடவில்லை. தம்பி, அக்கா, மச்சான், பள்ளிக்கூடத் தோழி.

மேலாளருக்குக் கோபம் வந்தது. "கேள்வியை மாற்றச் சொன்னது யார்?" என்று கேட்டுக்கொண்டேதான் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். "இரண்டு நாள் முன்னறிவிப்பு. இது ஏன் நம் கணக்கில் இல்லை?"

"நாம் யாரையும் கேட்கவில்லை" என்றேன்.

அத்தியாயம் அப்படியே அறிக்கையில் போயிற்று. அதை வைத்து அந்த நாடுகள் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை நானும் மனைவியும் மீன் வாங்கப் போனோம். மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டே அந்தப் பெண் கேட்டார், "இன்றைக்கு உன் அணை எப்படி?" பக்கத்துக் கடையிலிருந்து ரொட்டிக்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். நான் போனைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். அதற்குள் என் மனைவி, எதையும் பார்க்காமலே, அவர்களிடம் சொல்லிவிட்டாள்: நேற்றைவிட இரண்டடி ஏறியிருக்கிறது.